டைகரை இன்னொரு முறை வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா?

செபராங் பிறை தெற்கிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் கையால் எழுதி, அதைப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் நாயின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்கு 54 வயது. லோரி ஓட்டுகிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தாமான் வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கமெல்லாம் பால்மரமாக இருந்த காலத்திலேயே அப்பாவோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர். இன்றும் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை, லைசென்ஸ் உள்ள நண்பர்களோடு செம்பனைத் தோட்டங்களுக்குப் போகிறார். துப்பாக்கி நண்பருடையது. நாய்கள் இவருடையவை.

நான்கு நாய்களில் மூத்தது டைகர். 12 வயது. அப்பா குட்டியாகத் தூக்கி வந்து பழக்கிய கடைசி நாய். பழக்கி முடித்த கொஞ்ச நாளில் அப்பா தவறிவிட்டார். ஆறு வருடத்துக்கு முன் இவர் தோட்டத்து வாய்க்காலில் வழுக்கி விழுந்தபோது, காயம்பட்ட பன்றி ஒன்று இவர் மேல் பாய்ந்து வந்திருக்கிறது. டைகர் குறுக்கே விழுந்து தடுத்தது. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. டைகருக்குத் தொடையிலும் விலாவிலும் 31 தையல்.

இப்போது டைகருக்குப் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. நிறையத் தண்ணீர் குடிக்கிறது, இரவில் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது, உடம்பு இளைத்துவிட்டது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதாகி வருவது தெரிந்திருக்கிறது. ஆனால் ஞாயிறு விடியற்காலை மற்ற மூன்று நாய்களை வண்டியில் ஏற்றும்போது, டைகர் எங்கிருந்தோ தெம்பு வந்து எழுந்து கேட்டுக்கு ஓடி வருகிறது. வண்டி போன பிறகு ஊளையிடுவதாக மனைவி சொல்கிறார்.

அவர் எழுதிய வரிகளில் சில அப்படியே: "வேட்டை நாயைத் தடவிக் குடுக்காத, கெட்டுப் போயிரும்னு அப்பா சொல்வாரு. நானும் 12 வருசமா தள்ளியே வச்சிருந்தேன். இப்ப லோரி ஓட்டும்போது நெனச்சா கண்ணு மறைக்குது. அப்பா செத்தப்பகூட நான் இப்படி அழல. ராத்திரி ரெண்டு போத்தல் குடிச்சாதான் தூக்கம் வருது. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சா டாக்டரம்மா? ஊசி போடச் சொல்றாங்க. என் உசுரக் காப்பாத்துன நாய நானே கொல்றதா? அதுக்கு, இன்னொரு வாட்டி காட்டுக்குக் கூட்டிப் போனா, பன்றியோட சண்டை போட்டு வீரமா போய்ச் சேரட்டுமே?"

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

என்னை டாக்டரம்மா என்று அழைத்திருக்கிறீர்கள். உங்களை அண்ணன் என்றே அழைக்கிறேன். உங்களுக்குப் புத்தி கெட்டுப் போகவில்லை. பினாங்கில் இருபது ஆண்டுக்கு மேலாக நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். என் முன்னால் மிக அதிகமாக உடைந்து அழுதவர்கள் யார் என்று கேட்டால், வேட்டைக்காரர்களும் இரவுக் காவலாளிகளும்தான். சோபாவில் வைத்து வளர்த்தவர்கள் தினமும் கொஞ்சி, தினமும் சொல்லிவிடுகிறார்கள். நாயோடு வேலை செய்தவர்கள் சொல்லாமலே வைத்திருந்து, கடைசியில் ஒரே நாளில் கொட்டுகிறார்கள்.

அப்பாவுக்கு அழாததை நினைத்துக் குற்ற உணர்வு வேண்டாம். அப்பா போனபோது வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். பந்தல், கருமாதி, சாப்பாடு, கணக்கு என்று மூத்த மகனுக்கு உட்கார நேரம் கிடைத்திருக்காது. நாய்க்கு அப்படி எதுவும் கிடையாது. துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. அதோடு, டைகர் விசிலுக்குத் திரும்பிப் பார்ப்பதும், பன்றியை மடக்கி நின்று குரைப்பதும் உங்கள் அப்பா சொல்லிக் கொடுத்தவை. அந்தக் கை வேலை இன்னும் உயிரோடு நடமாடிக் கொண்டிருக்கிறது. டைகருக்காக நீங்கள் அழும் அழுகையில் அப்பாவுக்கான பாதியும் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி, தள்ளிப்போட முடியாத ஒன்று.

பனடோலை இன்றே நிறுத்துங்கள்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், கால் வலிக்குத் தினமும் பாதி பனடோல் கொடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் செய்ததுதான், ஆனாலும் நிறுத்தியாக வேண்டும். பனடோலில் இருக்கும் பாரசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், அளவு கூடினால் இரத்தத்தையும் பாதிக்கும். பார்மசியில் கிடைக்கும் ஐபுபுரூஃபன் இன்னும் மோசம். வயிற்றில் புண்ணாக்கி, ஏற்கனவே பழுதான சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும். நாய்களுக்கென்றே உள்ள மூட்டுவலி மருந்துகளில்கூடச் சிலவற்றைச் சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்குக் கொடுக்கத் தயங்குவோம். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் மருத்துவரிடம் பனடோல் கொடுத்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

இரவில் சிறுநீர் போகிறது என்பதற்காகத் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைக்காதீர்கள். பழுதான சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாமல் தண்ணீரை இழக்கிறது, அதனால்தான் அது அவ்வளவு குடிக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் ஒரே நாளில் படுத்துவிடும். வேட்டை முடிந்ததும் பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்களுக்குப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், மற்ற மூன்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பச்சைப் பன்றி இறைச்சி வழியாக நாய்க்கு வரக்கூடிய ஒஜெஸ்கி நோய்க்கு மருந்தே கிடையாது.

ஒரு பயத்தையும் எடுத்துவிடுகிறேன். 2021இல் சபாவில் தொடங்கி நம் பக்கம் வரைக்கும் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் டைகருக்கு ஒட்டிக்கொண்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது பன்றிகளுக்கு மட்டும் வரும் நோய். நாய்க்கும் வராது, மனிதனுக்கும் வராது. ஆனால் உங்கள் பூட்ஸ், வண்டி, இறைச்சி வழியாகப் பண்ணைப் பன்றிகளுக்குப் போய்ச் சேரும். பண்ணைகள் உள்ள பக்கம் இருக்கிறீர்கள், கழுவாமல் அங்கே போகாதீர்கள்.

கேட்டுக்கு ஓடி வருகிறதே, வலி இருந்தால் ஓடுமா?

ஓடும் அண்ணே. இந்தக் கேள்வியைக் கேட்காத வேட்டைக்காரரை நான் பார்த்ததில்லை. வண்டிச் சத்தம், மற்ற நாய்களின் பரபரப்பு, உங்கள் பூட்ஸ் வாசனை எல்லாம் சேர்ந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும். அந்த நேரத்தில் இடுப்பு வலி தெரியாது. விலா கிழிந்து தொங்க, பன்றியை விடாமல் மடக்கி நின்ற நாய் அல்லவா? வண்டி போன பிறகு திங்கள், செவ்வாய் அது எப்படி எழுகிறது என்று பாருங்கள். முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுந்தால், அதுதான் அதன் உண்மையான நிலை. நாய்கள் வலியைக் கத்திச் சொல்வதில்லை. மூச்சிரைப்பு, ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருப்பது, படுத்த இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது, இவைதான் அவற்றின் முனகல்.

வீர மரணம்

உங்கள் கடிதத்தில் இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனால் பன்றி கிழித்த நாய்களை நான் நேரில் பார்த்தவள். கோரைப்பல் வயிற்றில் ஏறினால் நாய் உடனே சாவதில்லை. குடல் வெளியே வந்து, மண்ணும் செம்பனை ஓலை முள்ளும் ஒட்டி, வண்டி இருக்கும் இடம் வரைக்கும் ஒருவர் சட்டையில் சுற்றித் தூக்கி வர வேண்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கிளினிக்கைத் தேட வேண்டும். பின்னங்காலில் பலம் இல்லாத நாயால் பன்றி திரும்பும்போது விலகக்கூட முடியாது. அதைக் காப்பாற்ற மற்ற மூன்றும் உள்ளே பாயும், நீங்களும் பாய்வீர்கள். ஆறு வருடத்துக்கு முன் டைகர் காப்பாற்றிய உயிரை அதே வாய்க்காலில் கொண்டுபோய் வைக்க வேண்டுமா?

வீரம் என்பது நாம் வைத்த பெயர். அன்றைக்கு டைகர் குறுக்கே பாய்ந்தது பெயர் வாங்க அல்ல, கீழே கிடந்தது நீங்கள் என்பதால். இப்போது அது கேட்டில் நின்று ஊளையிடுவதையும் அப்படித்தான் பார்க்கிறேன். வேட்டை அதற்குப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. மோப்பம் பிடிப்பதும் துரத்துவதும் அதன் ரத்தத்தில் ஓடுகிறது. ஆனால் பன்றி போய்விட்டதே என்று அது ஊளையிடவில்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றுதான்.

ஆகவே காட்டுக்குக் கூட்டிப் போங்கள், வேறு மாதிரி. வேட்டை இல்லாத ஒரு நாள் காலை, வெயில் ஏறுமுன், டைகரை மட்டும் வண்டியில் தூக்கி வையுங்கள். குதிக்க விடாதீர்கள். தோட்டத்து ஓரம், நீங்கள் உள்ளே நுழையுமுன் சூடம் காட்டும் முனியாண்டி கோவில் வரைக்கும் போதும். கழுத்தில் கயிறு இருக்கட்டும். அரை மணி நேரம் அது இழுக்கும் பக்கம் நீங்கள் போங்கள். கால் போனாலும், காது மந்தமானாலும், மூக்கு நாயோடு கடைசி வரை இருக்கும். பன்றி உரசிய மரத்தடியில் பத்து நிமிடம் நின்று மோந்து பார்த்தால், அதற்கு அது ஒரு முழு வேட்டை. வாரம் இரண்டு முறை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மற்ற நாய்களை ஏற்றும் நேரத்தில், டைகரைப் பின்பக்கம் கூட்டிப் போய் எலும்பில்லாத ஏதாவது கொடுத்து வைத்திருக்க மகனிடம் சொல்லுங்கள்.

தடவியும் கொடுங்கள். அப்பாவை மறுத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். 2015இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே வேலை செய்கிற அதே ஹார்மோன். மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. நீங்கள் தடவாமல் இருந்த 12 வருடமும் டைகர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உங்களைப் பார்த்துத்தானே அது வேலை செய்தது? பாசம் அங்கேயே இருந்தது, கை மட்டும்தான் போகவில்லை.

மற்றவர்கள் சொல்லும் வழிகள்

துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர், "அந்தக் காலத்துல ஒரு தோட்டாவோட முடிச்சிருவோம்" என்கிறாராம். வேண்டாம். குறி கொஞ்சம் தவறினால் என்ன ஆகும் என்பது வேட்டைக்காரரான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருடைய துப்பாக்கி லைசென்ஸுக்கும் ஆபத்து, உங்கள் இருவர் மேலும் வழக்கு வரலாம்.

தோட்டத்துக் கூலி வீடுகள் பக்கம் விட்டுவிட்டால் யாராவது சோறு போடுவார்கள் என்று மைத்துனர் சொன்னதையும் காதில் வாங்காதீர்கள். 2017 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கைப் பார்த்துக்கொள்ளும் கடமையை உரிமையாளர் மேல் வைக்கிறது. கொடுமை என்று நிரூபணமானால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நோயாளி நாயைக் கொண்டுபோய் விட்டால் வழக்கு அந்த அளவுக்குப் போகக்கூடும். சட்டம் இருக்கட்டும். டைகர் உங்களைத் தேடி அந்தக் கால்களோடு நடக்கும், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கூலிமில் இருக்கும் உறவினர் வீட்டில் காவலுக்கு வைப்பது கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு வயது நாய் என்றால் நானே சரி என்பேன். 12 வயதில், புது வீடு, புது ஆட்கள், மருந்து வேளை தெரியாத கைகள். வேண்டாம்.

உங்களுக்குப் பணமும் நேரமும் அளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எதைச் செய்தால் எவ்வளவு ஆகும், அதனால் எத்தனை நாள் கூடும் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். உணவு மாற்றம், வலி மருந்து, வாரம் ஓரிரு முறை தோலுக்கடியில் ஏற்றும் தண்ணீர், இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாச் சோதனையும் செய்தால்தான் நன்றியுள்ளவர் என்று இல்லை.

ஊசி துரோகமா?

ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசெல் என்ற இடத்தில், 1914இல் ஒரு புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுப் பழமை. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஏழு மாத நாய்க்குட்டி ஒன்று. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் வந்து வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். யாராவது தண்ணீர் புகட்டி, சுத்தம் செய்து, சூடாக வைத்திருக்காவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்காது. நானும் டிஸ்டெம்பர் நாய்களைப் பார்த்துக்கொண்டவள், அதன் கஷ்டம் எனக்குத் தெரியும். அவர்கள் வேட்டையாடித்தான் சாப்பிட்டார்கள். அந்தக் குட்டி ஒரு நாள்கூட வேட்டைக்கு உதவியிருக்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டார்கள், தங்களோடே புதைத்தார்கள். "வேலை செய்யாத நாய்க்கு எதுக்குச் சோறு" என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டாராமே, அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதன் அடுத்த படி. பார்த்துக்கொள்வது என்பதில் கடைசி வலியை வாங்கிக்கொள்வதும் சேரும். அந்தக் குட்டியை வளர்த்தவர்களிடம் ஊசி இல்லை. நம்மிடம் இருக்கிறது.

இன்றைக்கே போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாப்பிடுகிறது, உங்களைப் பார்த்தால் வாலாட்டுகிறது. பனடோலை நிறுத்தி, சரியான வலி மருந்து கொடுத்தால் சில மாதம் நன்றாகவே போகலாம். வீட்டுக் காலண்டரில் தினமும் இரவு ஒரு குறி போடுங்கள். சாப்பிட்டு, தானாக எழுந்து, உங்களைப் பார்க்க வந்த நாளுக்கு வட்டம். இல்லாத நாளுக்குப் பெருக்கல் குறி. நீங்களும் மனைவியும் சேர்ந்து போடுங்கள், தனியாகப் போட்டால் மனம் ஏமாற்றும். இரண்டு வாரத்தில் பெருக்கல் குறிகள் வட்டங்களை மிஞ்சினால் நேரம் வந்துவிட்டது. இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடாமல், வாந்தியும் வாயில் கெட்ட நாற்றமும் வந்தால் காலண்டரைப் பார்க்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.

என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள், டைகர் தூங்கிவிடும். பிறகு முன்னங்கால் இரத்தக் குழாயில் மயக்க மருந்தையே மிக அதிக அளவில் ஏற்றுவோம். ஓரிரு நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. பிறகு ஒரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் போகலாம். அது வலி அல்ல, டைகர் அப்போது அங்கே இருக்காது. நீங்கள் அறையில் இருங்கள். பலர் வெளியே நின்றுவிட்டு அப்புறம் வருடக்கணக்கில் வருந்துகிறார்கள். நாய் கடைசியாகத் தேடுவது தெரிந்த வாசனையைத்தான்.

தோட்டத்தில் புதைக்க நினைத்தால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, ஆழமாகத் தோண்டுங்கள். அந்த மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும், உடும்போ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் போய்விடும். தாமானில் இடம் இல்லையென்றால், செல்லப்பிராணிகளைத் தகனம் செய்யும் இடங்கள் பினாங்கில் உண்டு. புதைக்கும் முன் மற்ற மூன்று நாய்களையும் டைகரை மோந்து பார்க்க விடுங்கள். அதற்குப் பிறகு அவை சில நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். உடனே புதுக் குட்டி ஒன்று கொண்டு வருவதாக நண்பர்கள் சொல்கிறார்கள் இல்லையா, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டும் என்று தோன்றும்போது கேளுங்கள்.

இரவு இரண்டு போத்தல் பற்றி. விடிந்தால் லோரி ஓட்ட வேண்டியவர் நீங்கள், அண்ணே. பகலில் கண் மறைக்கிறது, இரவில் குடித்தால்தான் தூக்கம் என்றால், அதைக் கிளினிக்கில் உங்களுக்கான டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது. நாய்க்காக அழுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்காதீர்கள். மனைவியிடமும் அந்த வாய்க்கால் கதையை முழுதாகச் சொல்லுங்கள். "டைகருக்கு அடிபட்டுச்சு"ன்னு மட்டும் அன்றைக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யாருக்காக அடிபட்டது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் "ஒரு நாய்க்குப் போய்" என்கிறார்.

இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது டைகர் தினமும் படுக்கும் சாக்கையும் எடுத்துப் போங்கள். கிளினிக் மேசை இரும்பு, வழுக்கும், குளிரும். சொந்தச் சாக்கின் மேல் நின்றால் அதன் கால் நடுங்காது.